படுக்கையறைச் சுவரில் பூஞ்சை: தீபாவளி அவசரத்தில் செய்யக் கூடாதவை

தீபாவளி நெருங்கும்போது கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் பெயின்ட் வேலை குவிகிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படுக்கையறைச் சுவரின் கரும்புள்ளிகளைக் கையாளும் விதத்தைக் கவனித்தால், தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே பிழைகள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. கையுறை, மூக்கு மூடி பற்றியெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரரின் பணத்தை வீணாக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஓதத்தை உள்ளேயே அடைப்பது

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், சுவரின் உட்புறத்தில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து, பட்டி பார்த்து, எமல்ஷன் பூசிவிடும் வேலையை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நம் இரு மாவட்டங்களிலும் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை மிகுதி. தீபாவளியும் அதையொட்டியே வருகிறது. சுவர் மிகுந்த ஈரத்தோடு இருக்கும் காலம் பார்த்து அதன்மேல் நீர் புகாத படலத்தைப் போர்த்தினால், செங்கலும் சிமென்ட் பூச்சும் உறிஞ்சிய நீர் வெளியேற வழியின்றிப் படலத்தின் பின்னால் தேங்கி, பட்டியை இளக்கி, பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

காவேரிப்பட்டணம் அருகே ஒரு வீட்டில், படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சுவரில் ஆண்டுக்கொரு முறை பெயின்ட் அடித்திருந்தார்கள். கொப்புளத்தைப் பட்டித் தகட்டால் கீறியபோது, அடுக்கடுக்கான பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதன் பின்பக்கம் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. பட்டி ஈர மாவாக விரலில் ஒட்டியது. ஓதத்தின் மேல்விளிம்பு, மறுபக்கம் ஷவர் குழாய் வளையும் உயரத்தோடு சரியாக நின்றதைக் கண்டு பிளம்பரை வரவழைத்தோம். டைல்ஸை உடைத்துப் பார்த்தால், எல்போ இணைப்பில் கசிவு. அதை மாற்ற ஆன செலவு, அதுவரை பெயின்ட்டுக்குப் போன பணத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லை. பண்டிகைக்கு உறவினர் வரும் நேரத்தில் சுவரை வெறும் பூச்சோடு விடுவதா என்று அந்த வீட்டு அம்மா வருந்தினார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனாலும் மாசி, பங்குனி வெயில் வரும்வரை சுவரைக் காயவிட்ட பிறகே மீண்டும் பட்டி பார்த்தோம்.

கசிவைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய், சன்ஷேடு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் வெடிப்பு, வெளியே அடித்தளத்துக்கு மேல் குவிந்த மண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், அறைக்காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள்.

உப்பைப் பூஞ்சை என்று எண்ணுவது

வெண்மையாகப் பூத்திருந்தால் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. உப்புக்கு மருந்து தேவையில்லை. காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்தால் போதும். ஆனால் அதுவும் ஓதத்தின் அடையாளமே.

காய்ந்த பூஞ்சையை உப்புத்தாளால் தேய்ப்பது

தேய்த்த வேகத்தில் வித்துத்துகள்கள் அறை முழுவதும் பறந்து மெத்தையிலும் துணியிலும் படியும். மின்விசிறியை நிறுத்தி, சோப்புக் கரைசலால் சுவரை நனைத்து, துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். மருந்தடித்துக் கொன்றால் போதும் என்று சிலர் அப்படியே மேலே பூசுகிறார்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் அதை அகற்றியே ஆக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அன்று அந்த அறைக்குள் வரக் கூடாது.

பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலப்பது

குளோரின் வாயு எழும், ஒருபோதும் கலக்காதீர்கள்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவது

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி போன்ற மேட்டு நிலத்து ஊர்களில் மார்கழிக் குளிருக்கு ஜன்னல்களை அடைத்துவிட்டு உறங்குகிறோம். மூச்சிலும், கொடியில் காயும் ஈரத்துணியிலும் கிளம்பும் ஆவி அறையிலேயே தங்குகிறது. 25 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 17 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொட்டால் நீராகப் படியத் தொடங்கும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டியதில்லை. சுவரையொட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தாலே முளைத்துவிடும். காற்றே புகாத பீரோவின் பின்புறமும் வெளிச்சுவர் மூலையும் முதலில் கறுப்பது இதனால்தான். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். துணியை வெளியே உலர்த்துங்கள். வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட்டை மட்டும் நம்புவது

காய்ந்த சுவரில் அது உதவும். ஈரச் சுவரில் பட்டியோடு சேர்ந்து உரியும். பாலித்தீன் தாளை மீண்டும் ஒட்டி, இரண்டு நாள் கழித்து இரு பக்கமும் உலர்ந்திருந்தால் மட்டுமே ப்ரைமர் டப்பாவைத் திறக்கலாம்.