மார்க் வரும் முன்பே மார்க்கைப் பற்றிப் பேசுங்கள்: முதல் பெற்றோர் கூட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையே மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் முதல் ரிப்போர்ட் கார்டு வீட்டுக்குப் போன மறுநாள்தான். "வீட்ல நல்லாத்தானே வாசிக்கிறா, ஏன் மிஸ் இவ்ளோ கம்மியா போட்டிருக்கீங்க?" என்று ஆரம்பிக்கும். இந்தக் கேள்விக்கான பதிலை ஆண்டுத் தொடக்கக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டதாகத்தான் ஆசிரியர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அன்றைய நேரத்தில் முக்கால்வாசி சீருடை, லீவு லெட்டர், தண்ணீர் பாட்டில், வகுப்புக்கு வரும் நேரம் என்றே கரைந்திருக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில், பெற்றோர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, மதிப்பீட்டு முறை ஒரே மூச்சில் ஓடிப்போயிருக்கும்.

முதல் தவறு இந்த நேரப் பங்கீடுதான். படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். கேள்வி கேட்டால்தான் புரியும் என்கிற விஷயத்துக்கு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு அந்த வகை.

அடுத்தது, எழுத்தையோ எண்ணையோ சொல்லிவிட்டு அதன் பொருளைச் சொல்லாமல் விடுவது. 1 முதல் 4 வரை நிலைகள் போடும் வகுப்பை எடுத்துக்கொள்வோம். இதில் 3 என்றால் 'இந்த வகுப்பில் எதிர்பார்க்கும் திறனைக் குழந்தை அடைந்துவிட்டது' என்று பொருள். நல்ல செய்திதான். ஆனால் பெற்றோர் என்ன செய்வார்? மனக்கணக்கில் மூன்றை நான்கால் வகுத்து, எழுபத்தைந்து சதவீதம், கால்வாசி போச்சு என்று முடிவு கட்டிவிடுவார். அவர் படித்த காலத்தில் எல்லாமே நூற்றுக்கு இத்தனை என்றுதான் இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. "இது சதவீதம் இல்லை, இதைச் சதவீதமாக மாற்றிப் பார்க்காதீர்கள்" என்று வாய்விட்டே சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் போதாது.

இதிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைப் பல ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. அந்த 3 எதை வைத்து அளக்கப்படுகிறது? ஆண்டு முடிவில் வர வேண்டிய திறனை வைத்தா, இந்தப் பருவத்தில் நடத்திய பாடத்தை வைத்தா? ஆண்டு முடிவை வைத்து அளந்தால், முதல் பருவத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு 2 வருவது இயல்பு; வண்டி இன்னும் பாதி வழியில்தானே இருக்கிறது. பருவப் பாடத்தை வைத்து அளந்தால் அதே 2 கவனிக்க வேண்டிய அறிகுறி. ஒரே எண், நேர் எதிரான இரண்டு செய்திகள். உங்கள் பள்ளியில் எது என்று முதலில் நீங்கள் தெளிவாகிக்கொள்ளுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வேறு மாதிரிப் புரிந்து வைத்திருந்தால் கூட்டத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அண்ணன் ஒரு வகுப்பு, தங்கை ஒரு வகுப்பு என்று இருக்கும் வீட்டில் இந்த முரண் உடனே வெளியே வந்துவிடும்.

நடத்தையையும் படிப்பையும் ஒரே மார்க்கில் போட்டுக் கலக்குவது இன்னொரு பெரிய தவறு. தாமதமாகக் கொடுத்ததற்கு ஐந்து மார்க் குறைப்பு, நோட்டுக்கு அட்டை போடாததற்கு இரண்டு என்று போனால், கடைசியில் வரும் எண் குழந்தைக்குக் கணக்குத் தெரியுமா என்பதைச் சொல்லாது. பூஜ்யம் இதில் மோசமான ஆசாமி. 85, 90, 80 வாங்கிய குழந்தை ஒரு வேலையைக் கொடுக்கவில்லை, அதற்குப் பூஜ்யம் போட்டால் சராசரி 64-க்கும் கீழே இறங்கிவிடும். ஏழு வயதுக் குழந்தை ஒரு தாளைத் தொலைத்ததைக் 'கணக்கில் சுமார்' என்று ரிப்போர்ட் கார்டு சொல்லலாமா? முயற்சி, ஒழுங்கு, நேரத்துக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். அப்படிப் பிரிக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லையென்றால், எதெல்லாம் சேர்ந்து அந்த எண் வருகிறது என்றாவது பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40, 55, 75, 90 என்று ஏறிவந்த குழந்தைக்கும், நான்கு முறையும் 65 மட்டுமே வாங்கிய குழந்தைக்கும் சராசரி ஒன்றே: 65. முதல் குழந்தையின் பெற்றோர் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் ஒரே கிரேடு வருமா, அண்மைய வேலைக்குக் கூடுதல் எடை உண்டா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

"நான் எல்லாருக்கும் நியாயமாகத்தான் போடுவேன், என்னை நம்புங்கள்" என்பது ஒரு விளக்கமே அல்ல. டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1912-இல் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 64-உம் வந்தது, 98-உம் வந்தது. ஆங்கிலம் என்பதால் இப்படி என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் வேறுபாடு இன்னும் கூடிப்போனது. அந்த ஆசிரியர்கள் யாரும் அநியாயக்காரர்கள் இல்லை; எதற்கு எவ்வளவு என்ற அளவுகோல் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் அளவுகோலைக் காட்டுங்கள். அட்டவணையாகக் காட்டுவதைவிட மாதிரியாகக் காட்டுவது பலிக்கும். 'என் செல்லப்பிராணி' என்ற தலைப்பில் ஒரு பத்தி: 2 வாங்கும் பத்தி எப்படி இருக்கும், 3 எப்படி, 4 எப்படி என்று மூன்று தாள்களைச் சுவரில் ஒட்டினால், பெற்றோர் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். முதல் தாளில் "நாய் நல்ல நாய்" என்று மூன்று வரி, அடுத்ததில் நாய் என்ன செய்யும் என்ற விவரம், மூன்றாவதில் வரிகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் ஒழுங்கு. ஆனால் இந்த ஆண்டு மாணவர் எழுதியதை வைக்காதீர்கள். பெயரை மறைத்தாலும் கையெழுத்தைப் பெற்றவர்கள் அடையாளம் கண்டுபிடிப்பார்கள். மாதிரிகளை நீங்களே எழுதுவதுதான் பாதுகாப்பு. எழுத்துப்பிழையோடு எழுதுவது முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

எதிர்பார்ப்புகளிலும் இதே கதைதான். "வாசிப்புத் திறன் மேம்பட வேண்டும்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "தெரியாத ஒரு சிறுகதையை யார் உதவியும் இல்லாமல் வாசித்து, என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்" என்றால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'அடைவு நிலை', 'வளரறி மதிப்பீடு' போன்ற சொற்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்போடு இருக்கட்டும்.

வீட்டுப்பாடத்தில் பெற்றோர் எவ்வளவு உதவலாம் என்று சொல்லாமல் விட்டால், சிலர் தாங்களே செய்து கொடுப்பார்கள், சிலர் தொடவே மாட்டார்கள். இரண்டு நோட்டையும் ஒரே அளவுகோலில் திருத்த வேண்டியிருக்கும். வாசித்துக் காட்டலாம், கேள்வியை விளக்கலாம், விடையைச் சொல்லக் கூடாது, இத்தனை நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு டைரியில் ஒரு வரி எழுதுங்கள் என்று எல்லையைச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்துக்கு மார்க் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டுப்பாட ஆய்வுகளைத் தொகுத்து ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுப்பாடத்துக்கும் படிப்பில் அடையும் நிலைக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில்தான் வலுவாகத் தெரிந்தது, ஆறாம் வகுப்பு வரை மெலிவாகவே இருந்தது. "ஏன் மிஸ் இவ்வளவு கம்மியா ஹோம்வொர்க் தர்றீங்க?" என்று கேட்பவருக்கு இதைச் சொல்லலாம்.

கூட்டத்தில் ஒரு குழந்தையின் பேச்சை எடுக்கவே கூடாது. பெற்றவரே எழுந்து "என் பையன் எப்படி?" என்று கேட்டாலும், "தனியாகப் பேசலாம்" என்று சொல்லி நேரம் குறித்துக் கொடுங்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்ற வாக்கும் வேண்டாம். இரவு பத்து மணிக்குப் போன் அடிக்கும்போது எரிச்சல் உங்களுக்குத்தான். இந்த நேரத்தில் பேசலாம், செய்திக்கு இத்தனை நாளுக்குள் பதில் வரும் என்று சொன்னால் போதும்.

வராதவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பலருக்கு அந்த நேரம் வேலை நேரம். சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டி. சிலருக்கு நீங்கள் அனுப்பும் தாளின் மொழி வாசிக்க வராது. அதே விஷயத்தைச் சின்னக் குரல் பதிவாக அனுப்பினால் அவர்களையும் எட்டும்.

கூட்டம் முடியும்போது "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் எழுதாமல், "வாசிப்பில் 2 என்று வந்தால் என்ன அர்த்தம்?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் 'ஃபெயில்' என்று எழுதியிருந்தால், ரிப்போர்ட் கார்டு போவதற்கு முன் இன்னொரு முறை விளக்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.