எல்டன் ரிங்: முதல் முப்பது லெவலின் புள்ளிகளை எங்கே போடுவது?

"இன்னாண்ணா, ஒரே அடியில காலியாயிடறேன்!"

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமைப் புதிதாகத் தொடங்கும் தம்பிகள் எல்லாரும், சத்துவாச்சாரியானாலும் காட்பாடி ஹாஸ்டலானாலும், முதலில் சொல்வது இதைத்தான். அவர்களுடைய ஸ்டேட்டஸ் திரையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். எட்டு ஸ்டாட்டிலும், அதாவது கதாபாத்திரத்தின் திறன் எண்களிலும், இரண்டிரண்டு புள்ளியாகத் தூவி வைத்திருப்பார்கள். நம் வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று? அந்தக் கதைதான். எல்லாம் இருக்கும், இருக்க வேண்டியது இருக்காது. இந்த ஆட்டத்தில் இருக்க வேண்டியது உயிர், அதாவது விகர்.

படி 1: கிளாஸ்

பத்து கிளாஸ் இருக்கிறது. கிளாஸ் என்பது தொடக்க எண்களும் கையில் கொடுக்கும் ஆயுதமும் மட்டுமே. வாளோடு தொடங்கியவர் பிறகு மந்திரவாதியாகவும் மாறலாம். அதனால் இதற்கு மணிக்கணக்கில் யோசிக்க வேண்டாம்.

முதல் முறை ஆடுபவருக்கு என் தேர்வு வேகபாண்ட். லெவல் 9, விகர் 15, ஸ்ட்ரெங்த் (பலம்) 14. கேடயமும் கையிலேயே இருக்கும். கத்தி மேல் ஆசை என்றால் சாமுராய் எடுங்கள். அவருடைய உசிகதானா ஆட்டத்தின் கடைசி வரை தாங்கும். தூரத்திலிருந்து மந்திரம் அடிக்க நினைப்பவருக்கு ஆஸ்ட்ராலஜர், ஆனால் விகர் வெறும் 9. ரெட்ச் பக்கம் மட்டும் இப்போது போகாதீர்கள். லெவல் 1, எல்லா ஸ்டாட்டும் 10, கையில் ஒரு தடி. யூடியூபில் அதைவைத்து வெளுத்துக் கட்டுபவர்களுக்குப் பழைய அனுபவம் நிறைய.

தொடக்கப் பரிசாக ஒரு கீப்சேக் கேட்டால் கோல்டன் சீட் எடுங்கள். மருந்துக் குப்பியில் ஒரு வாய் கூடும்.

படி 2: லெவல் ஏற்றும் வசதியைத் திறப்பது

ஆட்டம் தொடங்கியதும் லெவல் ஏற்ற முடியாது. தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் திறந்தவெளியில் இருக்கும் கிரேஸ்களில் (இளைப்பாறும் இடங்கள்) உட்கார்ந்து எழுந்தபடி கேட்ஃபிரண்ட் என்ற கிரேஸ் வரை போங்கள். மெலினா என்ற பெண் வந்து பேசுவாள், சம்மதம் சொல்லுங்கள். குதிரையும் அப்போதே கிடைக்கும்.

படி 3: விகர், விகர், விகர்

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். விகர் 10 இருந்தால் உயிர் 414. 25-க்கு 800. 40-க்கு 1450. 60-க்கு 1900. அதற்குமேல் 99 வரை 39 புள்ளி கொட்டினாலும் 2100-தான் வரும். 25-லிருந்து 40 வரை போடும் பதினைந்து புள்ளிக்கு 650 கிடைக்கிறது. 60-க்கு மேல் போடும் முப்பத்தொன்பதுக்கு 200 மட்டும். இப்படிப் பலன் சட்டென்று குறையும் இடத்தைத்தான் சாஃப்ட் கேப் என்கிறார்கள்.

"டேமேஜ் கூடினா சீக்கிரம் முடிச்சுடலாமே அண்ணா" என்பார்கள். ஆரம்பத்தில் ஸ்ட்ரெங்த்தில் ஒரு புள்ளி போட்டால் அடி ஓரிரு எண் கூடும், அவ்வளவுதான். விகரில் போட்டால் எதிரியின் இன்னொரு அடியைத் தாங்குவீர்கள். அந்த ஓர் அடிக்குள் அவன் கை எப்படி ஓங்குகிறது, எப்போது இறங்குகிறது என்று கற்றுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் வரும் பாஸ் (பெரிய எதிரி) மார்கிட் வேண்டுமென்றே ஓங்கிய தடியைத் தாமதித்து இறக்குவான். அது பிடிபடும் வரை உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா?

வேகபாண்டுக்கு லெவல் 30 வரை 21 புள்ளி கிடைக்கும். நான் பிரிப்பது இப்படி: விகரில் 12, ஸ்ட்ரெங்த்தில் 5, சுமை தாங்கும் என்டியூரன்ஸில் 4. விகர் 27, ஸ்ட்ரெங்த் 19, என்டியூரன்ஸ் 15 ஆகிவிடும். இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்கேன் என்ற மூன்று ஸ்டாட்டையும் தொடவே வேண்டாம்.

படி 4: ஆயுதம்

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் குறைந்தபட்ச ஸ்டாட் தேவை இருக்கும். அது இல்லாவிட்டால் ஐகானில் சிவப்புக் குறி விழும், அடியும் பிசுபிசுக்கும். ஆனால் இரண்டு கையாலும் பிடித்தால் உங்கள் ஸ்ட்ரெங்த்தை ஆட்டம் ஒன்றரை மடங்காகக் கணக்கில் எடுக்கும். வீப்பிங் பெனின்சுலா பகுதியில் ஒரு வியாபாரி 3500 ரூனுக்கு (ஆட்டத்தின் பணம், லெவல் ஏற்றவும் இதுதான்) விற்கும் ஸ்வைஹேண்டர் என்ற பெரிய வாள் ஸ்ட்ரெங்த் 19 கேட்கும். வேகபாண்டின் 14 இரண்டு கையில் 21 ஆகிவிடுவதால் முதல் நாளிலிருந்தே தூக்கலாம்.

லெவலைவிட ஆயுதத்தை ஏற்றுவதுதான் அடியைக் கூட்டும். அதற்கான முதல் நிலைக் கல், ஸ்மிதிங் ஸ்டோன் [1], லிம்கிரேவ் டனல்ஸ் சுரங்கத்தில் கிடைக்கும். +1-க்கு 2, +2-க்கு 4, +3-க்கு 6, ஆக 12 கல். சர்ச் ஆஃப் எல்லேயில் இருக்கும் பட்டறையில் நீங்களே +3 வரை ஏற்றலாம். சாதாரண ஆயுதம் +25 வரை போகும். சோம்பர் என்ற தனி வகைக் கல் கேட்கும் விசேஷ ஆயுதம் +10 வரை. கற்களை நான்கு ஆயுதத்துக்குப் பங்கு போடாமல் ஒன்றுக்கே கொடுங்கள்.

படி 5: சுமை

கனமான கவசம் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மொத்தச் சுமை உங்கள் கொள்ளளவில் 70 சதவீதத்தைத் தொட்டால், அடியிலிருந்து தப்ப உருளுவது உருளுவதாகவே இருக்காது, மூட்டை விழுவதுபோல் தொப்பென்று விழுவீர்கள். 30-க்குக் கீழே இருந்தால் லைட். தொடக்கத்துக்கு மீடியம் போதும். தாண்டிவிட்டால் முதலில் தலைக்கவசத்தைக் கழற்றிப் பாருங்கள், பிறகு என்டியூரன்ஸ் ஏற்றலாம்.

இங்கே ஸ்டாட்டில் சேராத ஒரு விஷயம். மே மாத மதியத்தில் நம் ஊரில் மாடி அறை லேப்டாப்பே அடுப்பாகிவிடும். சூட்டில் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டால் ஃப்ரேம் தடுமாறும், சரியான நேரத்தில் அழுத்தியும் உருள முடியாது. பாஸ் சண்டையை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் பெரிய நஷ்டமில்லை, ஆட்டம் அடிக்கடி தானாகவே சேமித்துக்கொள்ளும்.

படி 6: ரூன்

செத்தால் ரூன் அதே இடத்தில் கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் போயே போச்சு. பாஸ் கதவைத் திறக்கும் முன் இருப்பதைச் செலவழித்துவிடுங்கள்.

படி 7: புள்ளிகளைத் திரும்ப அடுக்குவது

ராயா லுகாரியா அகாடமியில் ரென்னாலா என்ற பாஸை வென்றபின், அவளிடமே லார்வல் டியர் என்ற அரிய பொருள் ஒன்று கொடுத்தால் எல்லாப் புள்ளியையும் புதிதாகப் பிரிக்கலாம். டியர் அளவோடுதான் கிடைக்கும் என்பதால் புதிய ஆயுதம் கிடைக்கும்போதெல்லாம் மாற்றாதீர்கள். அப்போதும் கிளாஸின் தொடக்க எண்களுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. வேகபாண்டாகத் தொடங்கியவர் முழு மந்திரவாதியாக மாறினாலும் அந்த ஸ்ட்ரெங்த் 14 அப்படியே நிற்கும்.