விடாத முதுகுவலி: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகுவலி மூன்று மாதத்தைத் தாண்டியதும் பலரும் முதலில் ஓடுவது எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான். அறிக்கையில் ‘டிஸ்க் தேய்மானம்’ (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் பகுதி தேய்வது) என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி 20 வயதினரில் சுமார் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தது. ஆக, ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

சரி, வேறு எதைக் கவனிப்பது? வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதை. இருபதுகளில் உள்ள ஒருவருக்குப் பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது. காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் குனியவே முடிவதில்லை. நடமாட ஆரம்பித்ததும் இளகுகிறது, ஓய்வெடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. இது சாதாரணத் தசைப்பிடிப்பு மாதிரி இல்லை. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். ‘நாற்காலி சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டே பல வருடங்களை இழந்துவிடுகிறார்கள். மூட்டு, அழற்சி நோய்களைக் கவனிக்கும் ருமட்டாலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டிய வலி இது.

வயதானவர்களுக்கு நடந்தால் கால் வலித்து மரத்துப்போய், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ குறைந்தால், தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். எலும்பு பலவீனமானவர்களுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் பெரிதாக அடிபடாமலே முதுகெலும்பு நொறுங்கக்கூடும். சிறுநீரகக் கல்லும் முதுகில் வலியைக் காட்டலாம்.

அதே சமயம், பெரும்பாலானவர்களுக்குக் குறிப்பிட்ட ஒரே காரணம் என்று எதுவும் அகப்படாது. அதற்காக மருத்துவர் மாற்றி மருத்துவர் அலைய வேண்டாம். தூக்கமின்மை, மனஅழுத்தம், அசைவே இல்லாத வாழ்க்கை எல்லாமே வலியை நீட்டிக்கும். பயந்துபோய்ப் படுத்தே கிடப்பதும் அப்படித்தான்; தசைகள் இன்னும் தளர்ந்துபோகும். மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஒன்று கூட இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, கால் பலம் இழப்பது: இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நரம்புகள் நசுங்கியிருந்தால், தாமதம் நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.