பாலியெஸ்டரும் பெலாச்சானும்: வேண்டுமென்றே கோணலாக எடுத்த படங்களைப் பார்ப்பது எப்படி

பெயரைப் பார்த்துத்தான் எடுத்தேன். மகள் மெல்பர்னில் படித்துக்கொண்டிருந்த காலம். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது பழைய டிவிடி விற்கும் கடை ஒன்றில் நுழைந்தோம். ஓர் அட்டையில் 'பாலியெஸ்டர்' என்று போட்டிருந்தது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கத்தில் 26 வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? துணி ஆலையைப் பற்றிய கதை என்று நினைத்துவிட்டேன். மகள் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "அம்மா, இது வேற மாதிரி படம்" என்றாள். அப்படிச் சொன்ன பிறகு வைத்துவிட்டு வர மனசு வருமா?

1981இல் வந்த படம். இயக்கியவர் ஜான் வாட்டர்ஸ், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்காரர். கதாநாயகி புருஷனால் அல்லல்படும் ஒரு பருமனான இல்லத்தரசி. அதில் நடித்தவர் டிவைன் என்ற ஆண். முதல் அரைமணி நேரம் "என்ன கண்றாவி இது" என்று திட்டிக்கொண்டே பார்த்தேன். அடுத்த அரைமணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அவர் உடையின் தோள்பட்டையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்பில் ஒரு சுருக்கம் இல்லை. நடிப்பு, வசனம், வீட்டுத் திரைச்சீலை எல்லாம் கோணல், தையல் மட்டும் நேர். கோணலாகத் தைக்கிறவனுக்கு நேராகத் தைக்கத் தெரிந்திருக்கிறது!

அன்றிலிருந்து இந்த வகைப் படங்களுக்கு அடிமை. மாதம் ஒரு சனிக்கிழமை செந்தூலில் எங்கள் ஃபிளாட்டில் கூடுவோம். தம்பி, தம்பி பெண்டாட்டி, கடையில் உதவிக்கு இருக்கும் பெண், கீழ்மாடிச் சீன ஆண்ட்டி, 78 வயதுப் பெரியம்மா, நான். "எனக்கு இந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்றே புரியவில்லை, எப்படித்தான் பார்ப்பது?" என்று கடைக்கு வரும் சில பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காக இது.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோசமான படம் இரண்டு விதம். ஒன்று, நல்ல படம் எடுக்கப் பாடுபட்டுத் தோற்றது. 2003இல் வந்த 'தி ரூம்' அப்படி. எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்த டாமி வைசோ, உருக்கமான காதல் சோகத்தைத்தான் எடுக்க நினைத்தார். சனங்கள் சிரித்தார்கள். இரண்டாவது, தெரிந்தே ரசனைக்கேடாக எடுத்தது. முதல் விதத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம், அதற்கு வழிகாட்டி தேவையில்லை. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இது எந்த விதம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் உடையை மட்டும் பாருங்கள். அறியாமல் கெட்டுப்போன படத்தில் ஒருவர் உடை நன்றாக இருக்கும், இன்னொருவர் உடை சொதப்பலாக இருக்கும், காட்சிக்குக் காட்சி மாறும். வேண்டுமென்று எடுத்த படத்தில் எல்லாமே ஒரே கணக்கில் மிஞ்சிப்போயிருக்கும். 1972இல் வாட்டர்ஸ் எடுத்த 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' பத்துப் பன்னிரண்டாயிரம் டாலரில் முடித்த படம். அதில் டிவைன் ஒரு சிவப்பு மீன்வால் கவுன் போட்டு வருவார். உடையும் முகப்பூச்சும் வான் ஸ்மித் என்பவர் கைவண்ணம். கண்மை பூச நெற்றியில் இடம் போதவில்லை என்று டிவைனின் முடியைப் பாதித் தலைவரை சிரைத்துவிட்டார். கஸ்டமரின் தலையைச் சிரைக்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. ஆனால் கல்யாணப் பெண் ரவிக்கைக்கு "இன்னும் கொஞ்சம் சமிக்கி வைங்க அக்கா" என்று நான்காவது தடவை வந்து நிற்கும்போது வான் ஸ்மித்தை நினைத்துக்கொள்வேன்.

இந்த மிஞ்சிப்போன அழகுக்கு 'கேம்ப்' என்று பெயர். சூசன் சொன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1964இலேயே இதைப் பற்றி 58 குறிப்புகளாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மகள் படித்துக்காட்டினாள். பாதி எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் மனசில் தைத்தது: மூன்று மில்லியன் இறகுகளால் ஆன உடையைப் போட்டுக்கொண்டு நடந்துபோகும் பெண்தான் கேம்ப் என்கிறார். அதற்குக் கூலி எவ்வளவு கேட்பது என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சரி, எதில் ஆரம்பிப்பது? வாட்டர்ஸில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நம் ஊரில் மாமாட் காலிட் எடுத்த 'சோம்பி கம்போங் பீசாங்', 2007. அப்புறம் 2010இல் வந்த அவருடைய 'ஹந்து காக் லீமா பாலிக் ரூமா'. பேய் ஒரு பக்கம் வரும், கம்பத்து ஆட்கள் தங்கள் வெட்டிப்பேச்சை விடமாட்டார்கள். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் பி. ரம்லி 1961இல் எடுத்த 'அலி பாபா பூஜாங் லாப்போக்'. பாக்தாத் கதையில் இந்தக் காலத்துச் சமாச்சாரங்களை வேண்டுமென்றே நுழைத்திருப்பார். பினாங்கில் பிறந்த ரம்லியை 1950இல் முதன்முதலாகக் கதாநாயகனாக்கி 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்ம ஆள். இதைச் சொல்லாமல் பெரியம்மா யாரையும் அந்தப் படம் பார்க்க விடமாட்டார்.

தமிழில் 2010இல் சி. எஸ். அமுதன் எடுத்த 'தமிழ்ப் படம்'. ஊர் பெயரே சினிமாப்பட்டி. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால். என் தம்பி பெண்டாட்டி இருபதுகளில் இருக்கிறவள், அந்தக் காட்சியில் முகம் சுளித்தாள். பெரியம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்கள் இரக்கமில்லாதவர்கள் என்று அவள் நினைத்திருப்பாள். விஷயம் என்னவென்றால், நாங்கள் 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' பார்த்து முந்தானை நனைய அழுதவர்கள். பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் என்ற அந்தக் கொடுமையைத் தலைகீழாகப் போட்டு, அதை வைத்து அழவைக்கும் சினிமாப் பழக்கத்தைத்தான் இந்தப் படம் கிண்டுகிறது. அழாதவருக்கு இந்தச் சிரிப்பு கிடையாது. ஆகவே கோணல் படத்துக்கு முன்னால் அது கிண்டும் நேர் படத்தைப் பாருங்கள். இரண்டு வார இடைவெளி போதும். இதைச் செய்யாமல் "மொக்கை" என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

இது பழகியதும் 1988இல் வாட்டர்ஸ் எடுத்த 'ஹேர்ஸ்ப்ரே'. குழந்தைகளோடுகூடப் பார்க்கலாம், அவர் படங்களில் சாது இதுதான். இதில் டிவைன் துணி துவைத்து இஸ்திரி போட்டுப் பிழைக்கும் அம்மா. படம் வெளியாகிச் சில வாரங்களில் இறந்துபோனார். ஆண் பெண் வேஷம் கட்டியிருப்பதைப் பெரியம்மாவிடம் எப்படி விளக்குவது என்று பயந்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே, "ஸ்திரீ பார்ட்டா? நல்லாத்தான் செய்றான். ஆனா அவ்வை சண்முகியில கமல் நடை வரல" என்று முடித்துவிட்டார். சின்ன வயதில் தோட்டத்துத் திருவிழாக்களில் கூத்து பார்த்தவர். நாம்தான் வீணாகப் பயப்படுகிறோம்.

யாரை அழைப்பது என்பதும் முக்கியம். ஆறு பேர் சரியான கணக்கு. தனியாகப் பார்த்தால் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் சொல்கிறவர் ஒருவருக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டில் தம்பி இருக்கிறான், இடம் நிரம்பிவிட்டது.

இனி செய்முறை. 'பாலியெஸ்டர்' படத்தோடு தியேட்டரில் ஓர் அட்டை கொடுத்தார்களாம், 'ஓடோராமா' என்று பெயர். அட்டையில் பத்து எண்கள். திரையில் எண் மின்னும்போது அந்த இடத்தைச் சுரண்டி முகர வேண்டும். முதல் எண் ரோஜா. இரண்டாவது, சபையில் சொல்ல முடியாத வாயு. பீட்ஸா உண்டு, பெட்ரோல் உண்டு. ஓர் இடத்தில் பூங்கொத்தைக் காட்டி ஒன்பதாம் எண்ணை மின்னவைப்பார்கள். நீங்கள் ஆசையாகச் சுரண்டப் போகும்போது பூவைத் தள்ளிவிட்டு அழுக்குச் சப்பாத்து வந்து நிற்கும்.

அட்டைக்கு நாம் எங்கே போவது? மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா பத்து வாங்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெளிப்பக்கம் துணி சுற்றுங்கள், எண் ஒட்டுங்கள். வாசனையைப் பஞ்சில் வைத்து, படத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிட வேண்டும். ஒருவரை டப்பா பொறுப்பாளராக நியமியுங்கள். படத்தை முன்கூட்டிப் பார்த்தவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோஜா வரும் இடத்தில் வாயு வந்து குடும்பத்தில் சண்டை மூளும்.

எங்கள் பட்டியல்: ரோஜாவுக்குப் பன்னீர். வாயுவுக்கு ஒரு நாள் பழசான அவித்த முட்டை. பெட்ரோலை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், கோடாலித் தைலம் நாலு சொட்டு போதும். புதுக் கார் வாசனைக்கு என் கடையில் கிடந்த ரெக்ஸின் துண்டு, அசல் தோற்றுவிடும். சப்பாத்துக்குத் தம்பியின் ஃபுட்சால் காலுறை. பத்தாவது எண் அறை மணக்கத் தெளிக்கும் திரவம், அதற்குப் பதில் டாக்சியில் பின்கண்ணாடி ஓரம் போட்டிருப்பார்களே, அந்தப் பாண்டான் இலை.

சிக்கல் ஆறாவது எண்ணில். படத்தில் அது ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணியின் நாற்றம். அந்தப் பிராணி நம் நாட்டில் கிடையாது. தம்பி பெண்டாட்டி டுரியான் என்றாள். கீழ்மாடி ஆண்ட்டி எழுந்தே நின்றுவிட்டார், டுரியானை நாற்றம் என்று சொல்லும் வீட்டில் படம் பார்க்கமாட்டாராம். சரி, புளிக்கவைத்த இறால் விழுது இருக்கிறதே, அந்தப் பெலாச்சான் என்றேன். "சம்பல் வாசனையை எப்படிடி நாத்தம்னு சொல்லுவ?" என்றார் பெரியம்மா. கருவாட்டுக்குத் தம்பி எதிர்ப்பு. முக்கால் மணி நேரம் போனது. ஆறு பேருக்கும் பொதுவான ஒரு நாற்றம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரி என்ற உரிமையில் பெலாச்சான் என்று முடிவு செய்தேன். எங்கள் கூட்டத்திலேயே நன்றாகப் போன இரவு அதுதான், படம் ஆரம்பிக்கும் முன்பே.

தின்பதற்குக் குழம்பு வைத்த எதுவும் வேண்டாம், சிரிப்பில் சிந்தும். கச்சாங் பூத்தே, முறுக்கு, சூடான தே. அவ்வளவுதான்.

எறிவது இன்னொரு கலை. 1975இல் வந்த 'ராக்கி ஹாரர்' படத்தை அடுத்த வருஷம் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தார்கள். கல்யாணக் காட்சியில் ஆடியன்ஸ் அரிசி எறிவது பழக்கமாகிவிட்டது. 'தி ரூம்' படத்தில் சட்டம் போட்ட கரண்டிப் படம் ஒன்று இருக்கும். அது தெரியும்போதெல்லாம் பிளாஸ்டிக் கரண்டி பறக்கும். எங்கள் வீட்டில் அரிசி எறியப் பெரியம்மா அனுமதி இல்லை. கரண்டி விழும் சத்தத்துக்கு அண்டை வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். இப்போது கடையிலிருந்து வெட்டுத்துணி ஒரு பை கொண்டுவருகிறேன். சத்தமில்லை, பெருக்குவதும் சுலபம்.

எங்கே நிறுத்துவது என்றும் சொல்ல வேண்டும். 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' முடிவில் டிவைன் நாய் மலத்தை நிஜமாகவே வாயில் போடுவார். அது அவர் வாய், அவர் இஷ்டம், குமட்டிக்கொண்டே சிரித்தேன். அதே படத்தில் ஒரு கோழி நிஜமாகச் சாகிறது. அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தப் படத்தை வீட்டுக் கூட்டத்தில் நான் போடுவதுமில்லை. அசிங்கத்தைத் தன்மேல் பூசிக்கொண்டு சிரிக்கவைப்பவரை எனக்குப் பிடிக்கும். அடுத்தவர்மேல் பூசிவிட்டுச் சிரிக்கச் சொல்பவரைப் பிடிக்காது. நான் கறுப்பு, நல்ல பருமன். நம்ம படங்களில் என்னைப் போன்ற பெண் வந்தாலே நகைச்சுவை நடிகர் ஓடி ஒளிவார், அதற்குத் தியேட்டரே சிரிக்கும். 'ஹேர்ஸ்ப்ரே'யில் குண்டுப் பெண்தான் நடனத்தில் எல்லோரையும் ஜெயிக்கிறாள், உடை முழுக்கக் கரப்பான் பூச்சிப் படத்தோடு. எது ரசனைக்கேடு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு கிளைக்கதை. 2001இல் வந்த 'ஸூலேண்டர்' என்ற அசட்டுப் படத்தில், ஆடை வடிவமைப்பாளர்கள் கூடி ஒரு மாடலை மயக்கி மலேசியப் பிரதமரைக் கொல்ல அனுப்புவார்கள். மலிவுக் கூலிக்குத் தைக்க ஆள் கிடைக்காமல் போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். நம் தணிக்கை வாரியம் தடை செய்துவிட்டது. மெல்பர்னில் மகளோடு பார்த்தபோது, தையல் கூலியை மையமாக வைத்த ஒரே நகைச்சுவைப் படம் இதுதானோ என்று தோன்றியது. நிஜ மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2013இல்தான் அமலுக்கு வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்.

படம் முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "இதில் எந்த உடையை நீங்கள் கல்யாணத்துக்குப் போட்டுப் போவீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு நள்ளிரவு தாண்டும்.

மறுநாள் காலை டப்பாக்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் வைக்கவும். பன்னீர், பாண்டான், ரெக்ஸின் வைத்தவை ஒரு நாளில் தேறிவிடும். முட்டைக்கு எலுமிச்சைத் தோல் தேவைப்படும். ஆறாம் எண் டப்பாவை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. என்னுடையதில் இப்போது கொக்கிகள் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கஸ்டமர் ரவிக்கையை மூக்கருகே கொண்டுபோய், "அக்கா, சமையலும் இங்கேயேதானா?" என்று கேட்டார்.