பெங்களூருவில் வீட்டுக்கு முன்னால் ஏரியாவைப் பாருங்கள்

ஊரிலிருந்து பெங்களூருவுக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த ஏரியா நல்லா இருக்கும்?" என்றுதான். நான் பதிலுக்கு, ஆபீஸ் எந்தக் கட்டடத்தில் என்று கேட்பேன். "ஒயிட்ஃபீல்டு" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே கம்பெனிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வளாகம், வெளிவட்டச் சாலையில் ஒன்று, மான்யதா டெக் பார்க்கில் ஒன்று என்று இருக்கும். ஆஃபர் லெட்டரில் இருப்பது கம்பெனியின் பதிவு அலுவலக முகவரியாகக்கூட இருக்கலாம். உங்களுக்கு நாற்காலி போட்டிருப்பது நகரத்தின் மறுகோடியில் இருக்கும். அதனால் ஹெச்ஆரிடம் மூன்று விஷயங்களை மெயிலில் கேட்டு வாங்குங்கள்: கட்டடத்தின் பெயர், வாரத்தில் எந்தெந்த நாள் நேரில் வர வேண்டும், ஷிப்ட் நேரம். இரவு ஷிப்ட் என்றால் கேப் உண்டா, எந்த ஏரியா வரைக்கும் வரும் என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது, ஊரில் உட்கார்ந்துகொண்டு போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள். முதல் மாதம் ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு பிஜியில், அதாவது சாப்பாட்டோடு தங்கும் விடுதியில், தங்குங்கள். மாரத்தஹள்ளி, பிடிஎம், எலக்ட்ரானிக் சிட்டி எங்கேயும் தெருவுக்குத் தெரு பிஜி உண்டு. சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்தில் நீங்கள் நடந்து பார்க்கிற தெருக்கள்தான் பிறகு உங்களைக் காப்பாற்றும். இங்கே வாடகை வீடுகளில் நிறைய இன்னும் கேட்டில் தொங்குகிற டு-லெட் போர்டு வழியாகத்தான் போகின்றன. நடக்கிறவர் கண்ணில்தான் அவை படும், புரோக்கருக்குக் கொடுக்கிற ஒரு மாத வாடகையும் உங்களுக்கு மிஞ்சும்.

நான் வத்தலக்குண்டுப் பக்கம். 2014-இல் வந்தேன். எலக்ட்ரானிக் சிட்டியில் கொஞ்சகாலம், வெளிவட்டச் சாலையில் கொஞ்சகாலம், இப்போது மகாதேவபுராவில் வேலை, ஹலசூருவில் வீடு. இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வேலைக்கு வருகிற பிள்ளையிடமிருந்து இந்த ஊர் பிடுங்கிக்கொள்வது பணத்தைவிட அதிகமாகச் சாயங்கால நேரத்தைத்தான். ஆறரைக்குக் கிளம்பி எட்டரைக்கு வீடு சேர்ந்தால், படிக்க முடியாது, சமைக்க முடியாது, அம்மாவிடம் இரண்டு வார்த்தை நிதானமாகப் பேசக்கூட முடியாது. அதனால் பயண நேரத்தைப் பார்த்து ஏரியாவை முடிவு செய்யுங்கள். வாடகை அதற்கு அடுத்தபடிதான்.

கூகுள் மேப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூரம் பார்த்தால் எல்லாமே பக்கமாகத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன் மாலை ஆறு மணி என்று நேரத்தை வைத்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆபீஸ் வருகிறவர்களில் நிறைய பேர் அந்த நாட்களில்தான் வருகிறார்கள். அப்புறம் ஒருமுறை நிஜமாகவே அந்த நேரத்தில் அந்த வழியில் போய்ப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்கிற மாலையில்.

மெட்ரோ இருக்கிற பக்கமும் இல்லாத பக்கமும்

ஊதா வழித்தடம் மேற்கே செல்லகட்டாவிலிருந்து கிழக்கே ஒயிட்ஃபீல்டு காடுகோடி வரை, 2023 அக்டோபரிலிருந்து முழுதாக ஓடுகிறது. ஒயிட்ஃபீல்டிலோ மகாதேவபுராவிலோ ஆபீஸ் என்றால், இந்தத் தடத்தை விட்டு விலகாதீர்கள். ஹூடி, குந்தலஹள்ளி, கே.ஆர். புரம், பென்னிகானஹள்ளி, இந்திராநகர், ஹலசூரு எதுவானாலும் சரி, நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும். "நிலையத்திலிருந்து ரெண்டே கிலோமீட்டர்" என்று புரோக்கர் சொன்னால், அந்த இரண்டு கிலோமீட்டருக்குத் தினமும் இரண்டு முறை ஆட்டோ தேட வேண்டும் என்று அர்த்தம். பத்துப் பன்னிரண்டு நிமிட நடை என் கணக்கில் சரியான எல்லை.

எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் வந்தது. ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை, நடுவில் பிடிஎம் லேஅவுட், சில்க் போர்டு, பொம்மனஹள்ளி, கூட்லு கேட் எல்லாம் வருகின்றன. ஆர்.வி. ரோடில் பச்சைத் தடத்துக்கு மாறலாம். ஆகவே ஜெயநகர் போல மரமும் நடைபாதையும் உள்ள பழைய ஏரியாவில் இருந்துகொண்டும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வர இப்போது வழி உண்டு. முன்பு ஓசூர் ரோட்டில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வாடகை குறைவாக வேண்டுமென்றால் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே நீலாத்ரி ரோடு, தொட்டதோகூரு பக்கம் பாருங்கள்.

வெளிவட்டச் சாலையில் மாரத்தஹள்ளிக்கும் பெல்லந்தூருக்கும் இடையில் ஆபீஸ் இருந்தால் கஷ்டம்தான். சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரை மெட்ரோத் தூண்கள் எழும்பிவிட்டன. ஆனால் நீங்கள் வீடு பார்க்கிற நாளில் உங்கள் நிலையத்தில் ரயில் நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். "மெட்ரோ வரப்போகுது" என்று சொல்லி வாடகை ஏற்றுவார்கள். ஈஜிபுரா மேம்பாலம் 2017-இல் ஆரம்பித்தது. அது முடிந்துவிடும் என்று நம்பி அந்தப் பக்கம் வீடெடுத்தவர்கள் வருஷக்கணக்கில் அதன் தூண்களுக்குக் கீழேதான் ஊர்ந்து போனார்கள். வெளிவட்டச் சாலை ஆபீஸ் என்றால் ஆபீஸ் இருக்கிற அதே கரையில், சாலையைக் கடக்காமல் நடந்து போகிற தூரத்தில் சின்ன வீடாகப் பாருங்கள்.

மான்யதாவுக்கு லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, ஹெச்பிஆர் லேஅவுட். இதில் லிங்கராஜபுரத்திலும் கம்மனஹள்ளியிலும் தமிழ் சாதாரணமாகக் காதில் விழும்.

ஹலசூருவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. இணையத்தில் தேடினால் இளைஞர்களுக்கு என்று கோரமங்களா, ஹெச்எஸ்ஆர், இந்திராநகர் மூன்றையும்தான் சொல்வார்கள். இந்திராநகருக்கு அடுத்த மெட்ரோ நிறுத்தத்தில் இருக்கிற ஹலசூருவை யாரும் சொல்வதில்லை. 1809-இல் ஆங்கிலேயர் கண்டோன்மெண்ட் அமைத்த காலத்திலிருந்தே படையோடும் வியாபாரத்தோடும் வந்த தமிழர்கள் தங்கிய பகுதி இது. சோமேஸ்வரர் கோயில் அதற்கும் பழையது. ஏரிக்கரையில் 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலையும் பக்கத்திலேயே தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. கடைத்தெருவில் காலை ஆறு மணிக்கே கீரையும் பூவும் வாங்கலாம். வந்த புதிதில் கடைக்காரர் நம் பாஷையில் "என்னம்மா, புதுசா?" என்று கேட்பது பெரிய தெம்பு. குறையும் உண்டு. தெருக்கள் குறுகல், வீடுகள் ஒட்டி ஒட்டி, கீழ்த்தள வீடுகளில் வெளிச்சம் வராது, கார் நிறுத்த இடமே கிடையாது. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் வேறு ஏரியா பாருங்கள்.

தமிழ் இருக்கிறதே என்று கன்னடத்தை விட்டுவிடாதீர்கள். நாம் வாழ வந்த ஊரின் பாஷை அது. வீட்டு ஓனரிடம் தப்புத் தப்பாக நாலு வரி கன்னடம் பேசினாலே அவர் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்

முதலில் கற்க வேண்டிய கன்னட வாக்கியமும் தண்ணீரைப் பற்றியதுதான்: "காவேரி நீரு பருத்தா?" காவிரித் தண்ணீர் வருமா என்று கேட்பது. வரும் என்றால் அடுத்த கேள்வி, எத்தனை நாளைக்கு ஒருமுறை.

காவிரித் தண்ணீர் இந்த ஊருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தாண்டி தொரேகாடனஹள்ளியிலிருந்து, மேடேற்றி பம்ப் செய்து வருகிறது. பழைய ஏரியாக்களுக்கு அந்தக் குழாய் எப்போதோ வந்துவிட்டது. 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு வெகுகாலம் வரவில்லை. இன்று ஐடிக்காரர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிற பல லேஅவுட்கள் அந்தக் கிராம நிலங்களில்தான் எழும்பின. அங்கே போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான் கதியாக இருந்தன. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது லட்சங்களில் வாங்கிய அபார்ட்மெண்ட்களில்கூட நாளுக்கு இத்தனை பக்கெட் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த 110 கிராமங்களுக்காகக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தை 2024 அக்டோபரில் தொடங்கி வைத்தார்கள். ஆனால் தெருவுக்குக் குழாய் வந்ததும் வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிடாது. ஓனர் பணம் கட்டி இணைப்பு வாங்கியிருக்க வேண்டும். "காவேரி வந்துடுச்சு" என்று சொன்னால், இந்தக் கட்டடத்துக்கு இணைப்பு இருக்கிறதா, பில் காட்ட முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் போனதும் ஹாலைப் பார்க்கும் முன் பாத்ரூம் குழாயைப் பாருங்கள். குழாய் முனையிலும் பக்கெட்டிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அது போர் தண்ணீர். துணி விறைக்கும், ஹீட்டர் சீக்கிரம் போகும், குடிக்கத் தனியாகக் கேன் வாங்க வேண்டும். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) எவ்வளவு பெரியது, கோடையில் டேங்கர் வந்தால் அந்தச் செலவு யாருக்கு, மெயின்டனென்ஸில் சேருமா என்பதையும் கேளுங்கள். ஓனரிடம் கேட்பதைவிட மேல்மாடியில் குடியிருப்பவரிடம் கேட்பது நல்லது. படியில் இறங்கி வருகிற ஒருவரை நிறுத்தி, "ஏப்ரல், மே மாசத்துல தண்ணி எப்படிங்க?" என்று கேட்டால் போதும். உண்மை அங்கே கிடைக்கும்.

தண்ணீர் இல்லாமல் தவித்த ஏரியாக்களிலேயே மழைக்காலத்தில் வெள்ளமும் வரும். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபுரா ரோடு பக்கம் படகிலும் டிராக்டரிலும் ஆட்களை ஏற்றிப் போனார்கள். இந்த ஊரில் ஏரிக்கு ஏரி தண்ணீர் போக ராஜகாலுவே என்று பெரிய வாய்க்கால்கள் உண்டு. அவற்றை மறித்தும், ஏரி நிலத்தில் ஏறியும் கட்டியதன் பலன் அது. மேப்பைத் திறந்து வீட்டைச் சுற்றி ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே என்று பாருங்கள். தெரு அந்தப் பக்கமாகச் சரிகிறதா என்று நடந்தாலே காலுக்குத் தெரியும். காம்பவுண்டுச் சுவரிலும் பேஸ்மெண்டிலும் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் தடம் இருந்தால் கீழ்த்தளம் வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரும் பேக்கரிக்காரரும் வருஷக்கணக்காக அதே இடத்தில் நிற்கிறவர்கள். எந்த மழையில் எதுவரை தண்ணீர் ஏறியது என்று அவர்கள் கையால் காட்டுவார்கள்.

இரவு ஒன்பதரை மணிக்கும் ஒருமுறை வாருங்கள். மெட்ரோவில் இறங்கி வீடு வரை தனியாக நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை ஏதாவது திறந்திருக்கிறதா, நாய்கள் எப்படி. தங்கைகள் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும். தம்பிகளும் செய்தால் நல்லது.

ஊருக்குப் போகிற வழியையும் கணக்கில் சேருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஓசூர் ரோட்டில் பஸ் நகராது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளுக்கு சாந்திநகர், தனியார் பஸ்ஸுக்கு மடிவாளா. சென்னை ரயில்களில் பல கே.ஆர். புரத்திலும் கண்டோன்மெண்டிலும் நிற்கும். மதுரை, திண்டுக்கல்காரர்களுக்குத் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மெஜஸ்டிக் பக்கத்திலிருக்கும் கே.எஸ்.ஆர். நிலையத்திலிருந்து ஓசூர், தருமபுரி, சேலம் வழியாகப் போகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகள் மஞ்சள் தடத்தில் பொம்மசந்திரா வரை போய் அங்கிருந்து ஓசூர் பஸ் பிடிக்கலாம். மாதம் ஒருமுறை அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பணம், பத்திரம்

அட்வான்ஸ் முன்பு பத்து மாத வாடகை வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதம் பரவலாகக் கேட்கிறார்கள். பேசினால் குறையும். 22,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஆறு மாத அட்வான்ஸ் 1,32,000. புரோக்கர் மூலம் போனால் அவருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை சேர்த்து 1,76,000. முதல் சம்பளத்துக்கு முன்பே இது கையில் இருக்க வேண்டும் என்பதாலும் அந்த ஒரு மாத பிஜி உதவும். காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். 11 மாத ஒப்பந்தத்தில் அதையும், எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் போடுகிறவர்தான் ஓனரா என்று மின் கட்டண பில்லில் உள்ள பெயரையும் வீட்டு வரி ரசீதையும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

"வாடகையே வேண்டாம், பத்து லட்சம் லீஸ் கொடுங்கள்" என்றும் வருவார்கள். நம்மூர் ஒத்தி மாதிரிதான். புதிதாக வந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். நடுவில் ஒருவர் ஓனரிடம் வாடகைக்கு எடுத்து உங்களிடம் லீஸ் பணம் வாங்கியிருந்தால், அவர் வாடகை கட்டாமல் நிறுத்திய மாதம் ஓனர் உங்கள் கதவைத் தட்டுவார்.

சாவி வாங்கிய அன்றே, பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன், சுவர், குழாய், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மின் மீட்டரின் ரீடிங்கையும் பில்லில் உள்ள ஆர்ஆர் எண்ணையும் (மின் இணைப்பு எண்) போட்டோ எடுத்து வையுங்கள். முந்தைய குடித்தனக்காரரின் பாக்கி இருந்தால் அதை அன்றைக்கே பேசி முடிக்கலாம்.