திருவருகைக் காலத்துல அவசரப்பட்டு நாம செய்ற தப்புங்க

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சை வளர்க்குறது எங்க வீட்டுல எப்பவும் என் வேலை. பழைய தட்டுல மண்ணு பரப்பி, நெல்ல ராத்திரி முழுக்க ஊறவச்சு ஈரச் சாக்குல கட்டி, முளை வந்ததும் தூவிவிடணும், டிசம்பர் 13, 14ல தூவுனா 24ஆம் தேதி ராத்திரிக்கு நாலு விரக்கடை உயரத்துல பச்சைப்பசேல்னு நிக்கும். ஒரு வருஷம் ஆசையில நவம்பர் கடைசிலயே தூவிட்டேன், பண்டிகைக்குள்ள வளந்து மடிஞ்சு மஞ்சளாப் போச்சு. இன்னொரு வருஷம் மறந்துபோயி 22ஆம் தேதி தூவுனேன், பாலன் இயேசுவ வைக்கும்போது வெறும் மண்ணுதான் இருந்துச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தி காத்திருக்குற திருவருகைக் காலத்துல நம்ம ஜெபத்துலயும் இந்த ரெண்டு தப்புதான் திரும்பத் திரும்ப நடக்குது. ஒண்ணு முன்னாடியே கொண்டாடி முடிச்சுடுறோம், இல்லனா கடைசி ரெண்டு நாள்ல எல்லாத்தையும் சேத்துப் புடிக்கப் பாக்குறோம்.

திருவருகைக் காலம் நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளுக்குக் கிட்டத்துல வர்ற ஞாயித்துக்கெழம ஆரம்பிக்குது. நாலு ஞாயிறு. இதுல ரெண்டு பகுதி இருக்குங்குறதே நிறையப் பேருக்குத் தெரியாது. டிசம்பர் 16 வரைக்கும் வாசகங்க பெரும்பாலும் ஆண்டவர் திரும்ப வரப்போறத, விழிப்பா இருக்குறத, திருமுழுக்கு யோவான் கூப்பாடு போடுறதப் பத்திதான் பேசும், 17லேருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்பும். நாம என்னடான்னா மொத நாளே நட்சத்திரம் கட்டி, ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு, குடில்ல பாலனையும் படுக்க வச்சுடுறோம். நட்சத்திரம் கட்டுறது தப்பில்ல, ஆனா பாலன மட்டும் 24ஆம் தேதி ராத்திரி வரைக்கும் வைக்காதீங்க, அந்தக் காலி எடத்தப் பாத்து ஜெபிக்குறதுதான் இந்தக் காலத்தோட ஜெபமே. கோயில்ல இந்த ஞாயிறுகள்ல வானவர் கீதம், அதான் பெத்லகேம்ல வானதூதர் பாடுன புகழ்ப் பாட்டு, பாடாம விடுறதும் இதுக்குத்தான், 24 ராத்திரி மணியடிச்சு அதப் பாடும்போது புதுசாக் கேக்கணும்.

இதுக்கு நேர் எதிர்த் தப்பும் இருக்கு. ஃபாதர் போடுற ஊதா அங்கிய பாத்துட்டு இது ஈஸ்டருக்கு முந்தி வர்ற மாதிரி இன்னொரு தவக்காலம்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்குறது. அப்படி இல்ல, இதுல அல்லேலூயா பாடுறது நிக்காது, கட்டாய உபவாசம் கிடையாது, மூணாவது ஞாயிறு ரோஸ் கலர் அங்கியே போடுவாங்க, மகிழ்ச்சி ஞாயிறு. மூணு வருஷத்துக்கு ஒருதடவ அன்னிக்கு யாக்கோபு திருமுகத்துலேருந்து ஒரு வாசகம் வரும், விவசாயி முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாக் காத்திருக்குறத பாருங்கன்னு. அத நம்ம டெல்டாவுல உக்காந்து கேக்குறப்போ எனக்கு உடம்பு சிலிர்க்கும், ஏன்னா கோயிலுக்கு வெளியிலயே சம்பா பொதி கட்டி கதிர் வெளிய வர்ற நேரம் அது. கதிர யாரும் கையால இழுத்து வெளிய எடுக்க முடியாது. அதுக்காக வீட்டுல படுத்துக் கெடக்குற விவசாயியும் இல்ல, விடியக்காலம் வரப்பு சுத்தி வருவாரு, மழை கூடுனா வடிகால் வெட்டிவிடுவாரு, குனிஞ்சு நெல்லுத் தூர விலக்கிப் புகையான் பூச்சி இருக்கான்னு பாப்பாரு. காத்திருக்குறதுன்னா அந்த மாதிரி தினமும் போயிப் பாக்குறது.

ஜெபத்துல இப்போ நடக்குற பெரிய தப்பு வாட்ஸப்தான்னு நான் நினைக்குறேன். காலைல நாலு குரூப்ல சிந்தனை வரும், அத இன்னும் நாலு குரூப்புக்கு அனுப்பிட்டா அன்னிக்கு ஜெபம் முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி வந்துடுது. நல்ல சிந்தனையாவே இருக்கட்டும், நீங்க ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்த பேசலயே. அதே மாதிரி லூக்கா நற்செய்தி 24 அதிகாரம், டிசம்பர் 1லேருந்து தினம் ஒண்ணு வாசிச்சா 24ஆம் தேதி முடியும்னு ஒரு பழக்கம் இருக்கு, அருமையான பழக்கம், ஆனா ஒம்பதாம் தேதி விட்டுப்போயி பதிமூணாம் தேதி அஞ்சு அதிகாரத்த ஒரே மூச்சுல ஓட்டுறது ஜெபம் இல்ல. விட்டுப்போச்சுன்னா விட்டது விட்டதுதான், அன்னிக்கு உள்ளத மட்டும் மெதுவா வாசிங்க. அதுவும் முடியலன்னா லூக்கா மொத அதிகாரத்துல 26லேருந்து 38 வரைக்கும், வானதூதர் மரியாகிட்ட வந்த எடம், அத மட்டும் ஒரு வாரம் முழுக்க வச்சுக்கங்க. மொத நாள் சும்மா வாசிங்க, ரெண்டாவது நாள் எந்த வார்த்தைல மனசு நிக்குதோ அங்கேயே நில்லுங்க, நகராதீங்க.

புதுசா எதையும் தேட வேணாம்னு கூடச் சொல்வேன். காலை, மதியம், சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போது சொல்ற மூவேளை ஜெபம் நம்ம கையிலயே இருக்கு, அதுல வர்ற மூணு வசனமும் வானதூதர் அறிவிச்சது, மரியா சம்மதிச்சது, வார்த்தை மனுவானது, அப்படியே திருவருகைக் கால ஜெபம் அது. எங்க அப்பாயி நடவு வயல்ல இருந்தாலும் பன்னெண்டு மணி கோயில் மணி கேட்டா அந்தச் சேத்துலயே நிமுந்து நின்னு சொல்லும், நாத்து முடி ஒரு கைல அப்படியே இருக்கும். நாமளோ சாயங்கால மணி அடிக்கும்போது டிவி சத்தத்தக் கூட்டிக்குறோம்.

டிசம்பர் 17லேருந்து 23 வரைக்கும் திருச்சபை மாலை ஜெபத்துல நாளுக்கு ஒண்ணா ஏழு பட்டப்பேரு சொல்லி ஆண்டவரக் கூப்புடும். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களின் அரசரே, இம்மானுவேலே. வீட்டுல ராத்திரி ஒரு பேரு, ஒரு மெழுகுவர்த்தி, பிள்ளைங்கள விட்டே சொல்லச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் போதும். மார்கழியும் அப்போதான் பொறக்குது, பக்கத்து வீட்டு அக்கா பனில நாலரைக்கே எழுந்து கோலம் போட்டுப் பூசணிப்பூ வைக்குறாங்க, அவங்க பக்திக்கு எழுந்திரிக்க முடியுதுன்னா நமக்கும் முடியும்.

ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்குற பாவசங்கீர்த்தனத்த 24 சாயங்காலம் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. வரிசை வாசல் தாண்டி நிக்கும், ஃபாதரும் களைச்சுப்போயிருப்பாரு, நீங்களும் கேக் வாங்கணும் கறி எடுக்கணும்னு நினைப்புல இருப்பீங்க. மொத ரெண்டு வாரத்துலயே போயிடுங்க. அதுக்குள்ள வர்ற டிசம்பர் 8 அமல உற்பவ மாதா திருநாள், மரியா இயேசுவக் கருத்தரிச்ச நாள்னு பல பேரு நினைக்குறாங்க, மரியாவே தன் தாய் வயித்துல ஜென்மப் பாவம் இல்லாம உற்பவிச்சதத்தான் அன்னிக்குக் கொண்டாடுறோம்.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணு. பூசை நடக்கும்போது வெளிய மரத்தடில நின்னு வயல், விலை, கட்சின்னு பேசிட்டு நன்மை, அதான் நற்கருணை அப்பம், வாங்க மட்டும் உள்ள வர்றது நம்ம ஊர்கள்ல சகஜமாப் போச்சு, ஜெபம் பொம்பளைங்க வேலைன்னு ஒரு நினைப்பு. கொள்ளிடத்துக்கு அக்கரைல ஏலாக்குறிச்சில ஊழியம் செஞ்ச வீரமாமுனிவர், தேம்பாவணில 3615 பாட்டும் பாடி தலைவனா வச்சது இயேசுவ வளத்த சூசையப்பரத்தான். நற்செய்தில அவரு ஒரு வார்த்தகூடப் பேசல, கனவுல கேட்டத எழுந்து செஞ்சாரு. ஒரு வாரம் அவரோட இருந்து பாருங்க.

எல்லாத்துலயும் மேல எனக்கு வலிக்குற தப்பு வேற. பாலன் சுரூபத்தத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் பாடிக் கேரல் போறப்போ துக்க வீட்டத் தாண்டிப் போறது. சாவு விழுந்த வருஷம் பண்டிகை இல்ல, நட்சத்திரம் இல்ல, அது நம்ம வழக்கம், மரியாதைக்குத்தான் தாண்டிப் போறோம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அடிச்சு, டிசம்பர் 2 திருவருகைக் காலம் ஆரம்பிச்சப்போ எங்க பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை எல்லாம் வேரோட கெடந்துச்சு. அந்த வருஷம் புருஷன எழந்த ஒரு அக்கா வீட்ட நாங்க டிரம்ம நிறுத்திட்டுச் சத்தமில்லாமத் தாண்டிப் போனோம். கதவு ஒருச்சாஞ்சு இருந்துச்சு, அவங்க உள்ள சிம்னி விளக்க வச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாங்க. மறுநாள் என்னக் கேட்டாங்க, "எல்லா வீட்டுக்கும் வந்த பாலன் என் வீட்டுக்கு மட்டும் வர மாட்டாரா தம்பி?"

எனக்குப் பதில் வரல. அன்னிக்கு ராத்திரியே நாலு பேரு மட்டும் டிரம் இல்லாமப் போனோம், பாலன அவங்க மடில வச்சோம், ஜெபமாலைல ஒரு பத்து மணி மட்டும் உருட்டிச் சொன்னோம். அவங்க பாலனோட கால மட்டும் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

திருச்சபை துக்கத்தப் பண்டிகைக்கு வெளிய நிறுத்தல. 25க்கு மறுநாளே கல்லடி பட்டுச் செத்த முடியப்பர் திருநாள், 28 ஏரோது ராஜா கொன்ன மாசற்ற குழந்தைங்க, அந்த வாசகத்துல பிள்ளைங்கள எழந்த ராகேல் ஆறுதல் இல்லாம அழுவுறா. 2004ல சுனாமி வந்த டிசம்பர் 26 ஞாயித்துக்கெழம, திருக்குடும்பத் திருநாள். நாகப்பட்டினம் வேளாங்கண்ணிக் கரையோரக் குடும்பங்களுக்கு 25 முடிஞ்சு விடியறதே நினைவு நாளாத்தான். அவங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தியாவது கோயில்ல ஏத்துங்க, 26ஆம் தேதி தூங்கி எழுந்து மிச்ச கேக்க எண்ணிக்கிட்டு இருக்காம.

கடைசியா, குடிலச் சீக்கிரம் பிரிக்காதீங்க. கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் ஓடும், பொங்கல எட்டிப் பாக்குற நேரம் அது. மூணு ராஜாக்களையும் 25ஆம் தேதியே பாலன் கிட்ட நிறுத்தாம, தூரத்துல ஜன்னல் திட்டுல வைங்க. மத்தேயு அவங்க எத்தன பேருன்னு சொல்லல, வீட்டுக்குள்ள போயிப் பாத்தாங்கன்னுதான் எழுதுறாரு. எங்க வீட்டுல அண்ணன் மக தினமும் ராத்திரி ஜெபம் முடிச்சு அவங்கள ஒரு சாண் நகத்துவா, டிவி ஸ்டாண்டு, அரிசிப் பானை, அலமாரின்னு வந்து ராஜாக்கள் பாலனப் பாத்ததக் கொண்டாடுற திருக்காட்சி ஞாயிறு அன்னிக்குத்தான் குடில்கிட்ட சேருவாங்க. அதுக்குள்ள தட்டுல இருக்குற நெல்லு நீண்டு வளந்து, பாலன் மேல சாஞ்சிருக்கும்.