மதுரைத் துணிக்கடைகளில் விலங்கு ஃபர் விற்பனையை நிறுத்தச் செய்வது எப்படி

ஃபர் என்பது முடி நீக்காத விலங்குத் தோல். மிங்க் என்ற கீரி போன்ற சிறு விலங்கின் ஃபரில் செய்த முழுநீளக் கோட்டை மதுரையில் யார் வாங்கப்போகிறார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கொடைக்கானல் போகிறவர்களுக்காகவும் வடநாட்டுச் சுற்றுலா கிளம்புகிறவர்களுக்காகவும் கடைகளில் தொங்கும் ஜாக்கெட்டுகளின் தலைமூடி ஓரத்திலும், கையுறையின் மணிக்கட்டிலும், குழந்தைத் தொப்பியின் உச்சிப் பந்திலும், சாவிக்கொத்தில் ஆடும் குஞ்சத்திலும் உண்மையான விலங்குத் தோல், குறிப்பாக முயல் தோல், இருக்கக்கூடும். விலை மலிவாக இருப்பதாலேயே அது செயற்கை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முயல் தோலின் வெட்டுத் துண்டுகள் மலிவாகவே கிடைக்கின்றன.

எனவே முதல் வேலை, பொருளைச் சோதித்து உறுதி செய்துகொள்வது. வெறும் சந்தேகத்தோடு கடைக்காரர் முன் போய் நின்றால் முதல் சந்திப்பிலேயே நம் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். முடியை இரண்டு கட்டைவிரல்களாலும் வகிடு எடுப்பதுபோல் விலக்கி அடியைப் பாருங்கள்: துணியின் நெசவிலிருந்து வரிசை வரிசையாக எழுந்திருந்தால் செயற்கை, மெல்லிய வெளிறிய தோலிலிருந்து முளைத்திருந்தால் விலங்கு. பொதுவாக விலங்கு முடியின் நுனி கூர்ந்து முடியும், அக்ரிலிக் இழையின் நுனி மொட்டையாக நிற்கும். ஆனால் கத்தரித்துச் சாயம் ஏற்றிய தோலில் நுனியை நம்ப முடியாது. கொளுத்திப் பார்ப்பதானால் கடைக்குள் கூடவே கூடாது. ஒரு சாவிக்கொத்தைப் பில்லோடு வாங்கி வந்து, நாலைந்து முடிகளைப் பிடுங்கி, வீட்டில் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து பொடியாக உதிர்ந்தால் அது விலங்கு முடி. உருகிக் கெட்டியான மணிபோல் திரண்டு பிளாஸ்டிக் நாற்றம் அடித்தால் செயற்கை. ஆட்டுக் கம்பளியும் முடியைப் போலவே கருகும் என்பதால் கடைசித் தீர்ப்பை அடித்தோலே சொல்ல வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்து, சட்டம் எதுவரை துணைக்கு வரும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜனவரியில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் ஃபர் தோல்களையும் ஊர்வனவற்றின் தோல்களையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் முயல் இல்லை. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆடு, முயல் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்படும் ‘சோவியத் சின்சில்லா’ என்பது முயல் இனம். தடைக்குள் வரும் சின்சில்லாவோ தென்னமெரிக்க மலைகளின் கொறிவிலங்கு. மனுவில் இரண்டையும் குழப்பி எழுதிவிடாதீர்கள். ஆகவே பெரும்பாலான கடைகளில் நாம் பேசப்போவது குற்றத்தைப் பற்றியல்ல, கடைக்காரர் தாமாக எடுக்க வேண்டிய முடிவைப் பற்றியே. இதற்கு விலக்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் விலங்குகள். ‘சிரு’ என்னும் திபெத்திய மானின் முடியில் நெய்த ஷாதூஷ் சால்வையோ, கீரி முடியில் செய்த ஓவியத் தூரிகையோ கண்ணில் பட்டால் அங்கே வேண்டுகோளுக்கே இடமில்லை. நேராக வனத்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

கோரிக்கையைக் குறுக்கிக்கொள்வது மதுரையில் மற்ற ஊர்களைக் காட்டிலும் முக்கியம் என்பது என் கருத்து. இங்கே ‘விலங்கு நலம்’ என்று வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவருக்கு ஜல்லிக்கட்டு நினைவுக்கு வரும். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்டதும், 2023இல் அதே நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் மறக்கவில்லை. அந்த வழக்கில் எதிர்ப்பக்கம் நின்ற அமைப்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், ஃபரைப் பற்றிப் பேசவே வாய்ப்புக் கிடைக்காது. ஆகவே அமைப்பின் பெயரில் போகாமல், அந்தக் கடையில் ஆண்டாண்டாகத் துணி எடுக்கும் குடும்பமாகப் போங்கள். முதலாளியின் அடுத்த அச்சம் பட்டு. இன்று ஃபர் என்பவர்கள் நாளை பட்டுப்புடவையையும் தோல் செருப்பையும் நிறுத்தச் சொல்வார்களோ என்று அவர் கணக்குப் போடுவார். அவற்றைப் பற்றி உங்களுக்குத் தனிக் கருத்து இருக்கலாம். அதை இந்தப் பேச்சில் கலக்காதீர்கள். முடி நீக்காத விலங்குத் தோல் மட்டுமே நம் கோரிக்கை, கத்தரித்தெடுத்த கம்பளியோ பட்டோ இதில் சேராது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் அவர் தோள் தளர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

விற்பனைத் தளத்தில் நிற்கும் பெண்களிடம் வாதாடிப் பயனில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் வந்ததே 2021இல்தான். சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர்களைப் பதில் சொல்லவைப்பது நியாயமல்ல. கொள்முதல் பார்க்கிறவர் யார் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு, கூட்டம் குறைந்த ஒரு முற்பகலில் அவரையோ முதலாளியையோ பாருங்கள். காலமும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்தக் கடையிலும் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்காது. லூதியானா போன்ற ஊர்களிலிருந்து வரும் குளிர்காலச் சரக்குக்கு முன்கூட்டியே ஆர்டர் போய்விடும் என்பதால், ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் பேசிவிடுவது நல்லது. சரக்கு வந்து இறங்கிய பிறகு நிறுத்தச் சொன்னால் அது அவருக்கு நட்டக் கணக்கு; ஆர்டருக்கு முன் சொன்னால் சரக்குப் பட்டியலில் ஒரு வரியை அடித்தால் போதும்.

நேரில் பேசிய கையோடு கடிதம் ஒன்றும் கொடுக்க வேண்டும். நீளம் வேண்டாம்; இவ்வளவு போதும்: “ஐயா, வணக்கம். தங்கள் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர்களாகிய நாங்கள், தங்களிடம் வாங்கிய ஜாக்கெட் ஒன்றின் கழுத்தோரத்தில் உண்மையான விலங்குத் தோல் இருப்பதைக் கண்டோம். பில்லின் நகலை இணைத்துள்ளோம். இத்தகைய தோலுக்காக விலங்குகள் கம்பிக் கூண்டுகளில் வளர்க்கப்பட்டுக் கொல்லப்படுவதால், முடி நீக்காத விலங்குத் தோல் உள்ள பொருள்களை வரும் பருவத்திலிருந்து வாங்குவதில்லை எனத் தாங்கள் முடிவெடுத்து, அதைக் கடையின் கடிதத்தாளில் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.” கீழே பத்துப் பேர் கையெழுத்திட்டால் நல்லது, பத்தும் அந்தக் கடையில் உண்மையாகவே துணி எடுப்பவர்களின் கையெழுத்தாக இருப்பது அதைவிட நல்லது. வாய்வார்த்தையாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நம்மை மரியாதையாக வழியனுப்பும் சொல்.

முதலாளிக்கு முன்மாதிரி வேண்டும், தான் மட்டும் தனியாக நிற்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு வரக்கூடாது. ஆடம்பர ஆடை நிறுவனங்களான அர்மானி 2016இலும், குச்சி (Gucci) 2017இலும், பிராடா 2019இலும் ஃபரைக் கைவிடுவதாக அறிவித்தன. அமெரிக்காவின் மேசிஸ் கடைகளும் 2019இல் அந்த முடிவை அறிவித்தன. கலிஃபோர்னியாவில் 2023 முதல் புது ஃபர் விற்பனைக்கே தடை. எச்&எம், ஜாரா ஆகிய ஆடை நிறுவனங்களும் ஃபர் விற்பதில்லை என்ற கொள்கை வைத்திருக்கின்றன. இவற்றில் ஒன்றிரண்டைச் சொன்னாலே போதும், பட்டியல் வாசிக்க வேண்டியதில்லை.

வணிக வளாகங்களில் உள்ள பிராண்டு கடைகளின் மேலாளருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. அவரிடம் தலைமை அலுவலக முகவரியைக் கேட்டு அங்கே எழுதுங்கள். இணையத்தில் வாங்கிய பொருள் என்றால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ‘செயற்கை ஃபர்’ என்று விற்றது விலங்குத் தோலாக இருந்தால் அது நுகர்வோரை ஏமாற்றுவது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால் நினைவூட்டல் ஒன்று அனுப்பிவிட்டு, பிறகு வெளியே கொண்டுபோங்கள். கல்லூரி மாணவர்கள் துணை நின்றால் கையெழுத்துகள் விரைவில் சேரும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கத்துக்கும் நகல் அனுப்பலாம். வியாபாரிகள் வாடிக்கையாளரைவிடச் சக வியாபாரியின் பேச்சுக்கு அதிகம் காது கொடுப்பார்கள். சமூக ஊடகத்தில் எழுதுவதானால் பொருளின் படம், பில்லின் தேதி, கடிதம் கொடுத்த நாள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊழியரின் முகத்தைப் போடுவதும், கடைக்குள் கால்கூட வைக்காதவர்களை வைத்து மோசமான மதிப்புரைகளைக் குவிப்பதும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கடை வாசலில் நிற்பது கடைசி வழி. அதற்கு மாநகரக் காவல் துறையிடம் முன்கூட்டியே மனுக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். மாசி வீதிகளில் என்றால் சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாள்களைக் கேட்காதீர்கள். தேர் வரும் வீதியில் அனுமதி கிடைக்காது, கிடைத்தாலும் ஊர் உங்கள் பக்கம் நிற்காது.

கடை சம்மதித்துக் கடிதம் கொடுத்தால், கையிருப்பைத் தீர்த்துக்கொள்ள ஒரு தேதியையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்; சரக்கு வேறு கிளைக்குப் போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்லிப் பொதுவெளியில் நாலு வரி எழுதுங்கள், அடுத்த கடைக்குக் காட்ட அது உதவும். அடுத்த குளிர்காலச் சரக்கில் மீண்டும் தோல் தென்பட்டால், ஊரைக் கூட்டுவதற்கு முன் அந்தக் கடிதத்தோடு கொள்முதல்காரரைப் பாருங்கள். மொத்த வியாபாரி சொல்லாமல் கலந்து அனுப்பிய சரக்காகவும் இருக்கலாம், அப்படியானால் திருப்பி அனுப்ப அவருக்கு ஒரு வாரம் கொடுங்கள்.